ஏலமலை மாநிலத்தின் நான்கு எல்லைகள்

யாரைப் புதிதாகப் பார்த்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "உனக்கு மேக்க யாரு?" என்பதுதான். பேரும் ஊரும் பிறகு. சொந்த வீடோ, தோட்டமோ, வாடகை அறையோ, எதுவானாலும் மேற்குப் பக்கம் யார் இருக்கிறார் என்று அவருக்குச் சொல்லிவிட வேண்டும். சொன்னதும் கண்ணைச் சுருக்கி, "அந்த ஆளு எப்படி?" என்பார். நல்ல மனிதர் என்று பதில் வந்தால் நம்பமாட்டார். "எல்லையில நல்லவன் கெட்டவன்னு கெடையாதப்பு. பக்கத்துக்காரன், அம்புட்டுத்தான்."

போடிநாயக்கனூர் பதிவு அலுவலகத்துக்கு எதிரே, வேப்பமரத்தடியில் சாய்வுமேசை போட்டு உட்கார்ந்து பத்திரம் எழுதியவர்களில் அவரும் ஒருவர். எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் நான் ஏலக்காய்க் கமிஷன் கடை ஒன்றில் வேலை பார்த்தேன். கடையின் பத்திர வேலைகளுக்காக அவரிடம் அடிக்கடி போகவேண்டி வரும். அவரைப் பற்றி ஊரில் பேசாத பேச்சு கிடையாது. நான் கண்டதைக் கண்டதாகவும், கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே இங்கே எழுதுகிறேன். அவர் விஷயத்தில் இரண்டையும் கலந்தவர்கள் ஒன்று ஏமாந்தார்கள், இல்லையென்றால் அநியாயமாகச் சந்தேகப்பட்டார்கள். எது சரி என்று எனக்கு இன்றும் முழுதாகத் தெரியாது.

ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. காதில் கொஞ்சம் மந்தம் என்று சொல்லிக்கொள்வார். ஆனால் இரண்டு மேசை தள்ளி ரகசியமாகச் சொல்லப்பட்ட சர்வே நம்பர் அவருக்குக் கேட்டுவிடும்.

நிலப்பத்திரத்தில் சொத்தின் நான்கு பக்கத்தையும் சொல்லும் பகுதியைச் செக்குபந்தி என்பார்கள். கிழக்கே இன்னார் தோட்டம், மேற்கே இன்னார் காடு என்று எழுதுவது. மற்ற எழுத்தர்கள் பழைய பத்திரத்தைப் பார்த்து அப்படியே எழுதிவிடுவார்கள். அவர் நேரில் போய் நடக்காமல் எழுதமாட்டார். வாங்குபவர், விற்பவர், பக்கத்துக்காரர்கள் எல்லாரும் கூட வரவேண்டும். ஒரு பக்கத்துக்காரர் வராவிட்டாலும் திரும்பிவிடுவார். "பக்கத்துக்காரன் நிக்காம நட்ட கல்லு கல்லே கெடையாது. அதை எவனும் புடுங்கிப் போடலாம்" என்பது அவர் சட்டம்.

கல் நடுவதிலும் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. குழிக்குள் முதலில் அடுப்புக்கரி, அதன்மேல் உடைந்த சோடா பாட்டிலின் பச்சைக் கண்ணாடித் துண்டுகள், அதற்குமேல்தான் கல். கரி போடும் வழக்கம் வேறு சிலரிடமும் உண்டு. கண்ணாடி அவருடைய சேர்மானம். "கல்லை நகத்துவான். மரத்தை வெட்டுவான். கரி மக்காது, கண்ணாடி கரையாது. நாளைக்குத் தோண்டிப் பாத்தா யாரு திருடன்னு தெரிஞ்சுபோகும்." இதற்காகப் பக்கத்துச் சோடாக் கடையில் உடையும் பாட்டில்களை எல்லாம் ஒரு சாக்குப்பையில் சேர்த்து வைத்திருந்தார்.

"அண்ணே, ஒங்களுக்குன்னே ஒண்ணு ஒடைக்கவா?" என்பார் சோடாக் கடைக்காரர்.

"தானா ஒடையட்டும். வேணும்னு ஒடைச்சது சாட்சிக்கு ஆகாது."

குரங்கணியில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்குக் காப்பித் தோட்டத் தகராறு. எங்கள் கடைக்குச் சரக்குப் போடுகிறவர்கள் என்பதால் நானும் போயிருந்தேன். இவர் முன்பு நட்டிருந்த எல்லைக்கல்லைத் தம்பி நகர்த்திவிட்டான் என்பது அண்ணன் புகார். இவர் தோட்டத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பிறகு ஒரு பலா மரத்துக்கு மேற்கே நின்று, "இங்க தோண்டு" என்றார். தோண்டினார்கள். கரியும் பச்சைக் கண்ணாடியும் வந்தன. இது நான் கண்டது.

தம்பி சும்மா இருக்கவில்லை. "நேத்து இந்தாளு ஒரு பையத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கமா வந்ததை எங்க ஆளு பாத்திருக்கான்" என்று கத்தினான். இது நான் கேட்டது.

அவர் கோபப்படவில்லை. "பாத்தானா? அப்ப பையில என்ன இருந்துச்சுன்னும் பாத்திருப்பானே, கூப்பிடு" என்றார். கூப்பிட்டார்கள். அந்த ஆள் வரவில்லை. தீர்ப்பு அண்ணன் பக்கம் ஆயிற்று. திரும்பி வரும்போது ஜீப்பில் அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். நகக்கண்களில் கரி இருந்தது. அன்றைக்குத் தோண்டிய கரியாகவும் இருக்கலாம்.

இப்படிப்பட்டவர் ஒரு மாநிலத்துக்கே செக்குபந்தி எழுதி வைத்திருந்தார்.

ஐம்பத்தாறில் மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தபோது, மலைமேல் உள்ள தேவிகுளமும் பீர்மேடும் நம் பக்கம் வரவேண்டும் என்று இங்கே பெரிய கிளர்ச்சி நடந்தது. வரவில்லை. கேரளத்தோடு போயின. மலையில் ஏலத்தோட்டம் வைத்திருந்த போடிக் குடும்பங்களுக்கு வீடு ஒரு மாநிலத்திலும் தோட்டம் ஒரு மாநிலத்திலும் என்றாயிற்று. மற்றவர்கள் கொஞ்ச நாள் வருத்தப்பட்டுவிட்டு, செக்போஸ்டில் எந்தச் சீட்டைக் காட்டவேண்டும் என்று கற்றுக்கொண்டார்கள். இவர் மட்டும், நம் பக்கம் வராவிட்டால் இரண்டு பக்கமும் இல்லாத தனி மாநிலம் வேண்டும் என்று டெல்லிக்கு மனுப்போட ஆரம்பித்தார். ஏலமலை மாநிலம். டீக்கடையில் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு பத்திர நடையிலேயே ஒப்பிப்பார்: "கிழக்கே வைகை, தெற்கே குமுளிக் கணவாய், மேற்கே பெரியாறு, வடக்கே மறையூர்ச் சந்தனக்காடு. இந்த நான்கெல்லைக்கு உட்பட்ட மலையும் மலை சார்ந்த சமபூமியும், அதில் உள்ள மாவடை மரவடை, நீர், வழிநடை சகிதம்."

"வெலை எம்புட்டுண்ணே?" என்று யாராவது கேட்பார்கள்.

"சிரிங்கடா. ஒங்க பிள்ளைக அந்த மாநிலத்துல கலெக்டரா வரும்போது என்னையத் தேடுவீங்க."

டெல்லியிலிருந்து மனு கிடைத்தது என்ற அட்டை மட்டும் வரும். வருஷம் போகப்போக அவர் கோரிக்கை சுருங்கியது. மாநிலம் என்றது, பாண்டிச்சேரி மாதிரி யூனியன் பிரதேசமாவது கொடுங்கள் என்று ஆயிற்று. மேலே இடுக்கி என்று புதிய மாவட்டம் வந்த பிறகு, ஒரு தனி மாவட்டமாவது ஆகட்டும் என்றார். "போன வருசம் மாநிலம், இந்த வருசம் மாவட்டம். அடுத்த வருசம் பஞ்சாயத்தாண்ணே?" என்றார் சோடாக் கடைக்காரர். அன்றைக்கு அவர் சில்லறையை மேசைமேல் வைத்துவிட்டு டீயைக் குடிக்காமல் எழுந்து போனார்.

ஒரு சத்தியமும் செய்திருந்தார். அந்த மண் நமதாகும்வரை செக்போஸ்டைத் தாண்டிக் காலை வைப்பதில்லை என்று. மாதத்துக்கு ஒரு தடவையாவது, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பில் போடிமெட்டு வரை போவார். தடுப்புக் கட்டைக்கு இந்தப் பக்கமே இறங்கி, ஒரு டீயைக் குடித்தபடி அந்தப் பக்கம் இறங்கும் மேகத்தைப் பார்ப்பார். அடுத்து இறங்கும் ஜீப்பில் திரும்பிவிடுவார். "என்ன அய்யா, விசா இன்னும் வரலையா?" என்று டிரைவர்கள் கேலி செய்வார்கள். மேலே அவர்மீது ஒரு கேஸ் இருக்கிறது, தாண்டினால் பிடித்துவிடுவார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. அங்கே ஒரு குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர் என்று இன்னொரு பேச்சு. இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது.

எனக்குச் சந்தேகம் வந்தது வேறு ஒரு விஷயத்தில். டீக்கடையில் பத்துப் பேர் இருக்கும்போது, "மலை நம்ம கைக்கு வந்துரும், விட்டுராதீங்க" என்பார். ஆனால் மலையில் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர் தனியாக வந்து கேட்டால் குரலைத் தாழ்த்தி, "அங்க இனி நமக்கு நாள் இல்ல. குத்தகைப் பட்டாவைக் கேரளாக்காரன் புதுப்பிக்கமாட்டான். வந்த வெலைக்குக் குடுத்துட்டு வெரசா எறங்கிரு" என்பார். இரண்டையும் என் காதால் கேட்டிருக்கிறேன். இரண்டாவதாகச் சொன்னதை நம்பி விற்றவர்களின் ஒப்பந்தங்களை எழுதியதும் அவர்தான்.

என் அக்காவுக்குப் பூப்பாறைக்குக் கீழே ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. மச்சான் இறந்த பிறகு அவளே ஆள் வைத்துப் பார்த்துவந்தாள். அவளுக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் அதைவிட்டால் வேறு எதுவும் கிடையாது. தோட்டம் உள்ளடங்கி இருந்தது. கிழக்கே போடி கீழத்தெருக்காரர் ஒருவரின் தோட்டம். அதற்கும் கிழக்கே ஜீப் போகும் ரோடு. கீழத்தெருக்காரர் தோட்டத்தின் ஊடாகப் போகும் பாதையில்தான் அக்காவின் காய் ரோட்டுக்கு வரும். மச்சானின் அப்பா காலத்திலிருந்தே அந்தப் பாதையில்தான் நடந்தார்கள். யாரும் அதை எழுதி வைக்கவில்லை.

எண்பதுகளின் தொடக்கத்தில் கீழத்தெருக்காரர் தோட்டத்தை விற்றுவிட்டார். வாங்கியவர் கம்பத்துப் பக்கம் என்று சொன்னார்கள். விற்கும் யோசனையைக் கொடுத்தது யார் என்று கீழத்தெருக்காரரிடம் கேட்டேன். "வேற யாரு, நம்ம மாநிலத்துக்காரருதான். நம்ம நல்லதுக்குத்தானே சொல்றாரு" என்றார்.

அதே மாதம் அக்காவும் அவரிடம் யோசனை கேட்கப் போனாள். நான் கூட இருந்தேன்.

"வித்துரு தாயி. பொம்பளப் பிள்ளைகள வச்சிருக்க. நாளைக்குப் பிரச்சினைன்னா மலையில யாரு இருக்கா? வாங்குறதுக்கு ஆள் நான் பாத்துத் தர்றேன்."

"மலை நம்மளுக்கு வரும்னு சொல்வீகளேண்ணே?"

"வரும். அதுவரைக்கும் நீ தாங்கணுமே."

அக்கா, "விக்கலண்ணே" என்று எழுந்துவிட்டாள். தெரு முனை வந்ததும், "இந்த அண்ணன் சொல்றதுல எந்த வாய் நெசம்?" என்று கேட்டாள்.

காய் எடுப்பு முடியும் சமயத்தில், புதிய பக்கத்துத் தோட்டத்தின் கங்காணி அக்காவிடம் வந்து, "சேச்சி, அடுத்த எடுப்புக்கு இந்த வழி இல்லா. மொதலாளி வேலி போடச் சொல்லி" என்றான். மொதலாளி யார் என்று கேட்டதற்கு, "ஒரு சாரு. பேரு அறியில்லா" என்று மலையாளத்தையும் தமிழையும் கலந்து மழுப்பிவிட்டான். பாதை இல்லையென்றால் காயைத் தலைச்சுமையாகப் பள்ளத்தில் இறக்கி, மறுபடி ஏற்றி, அடுத்த சரிவு வழியாகத்தான் ரோட்டுக்கு வரவேண்டும். அந்தக் கூலிக்கே வருமானம் போய்விடும். தோட்டத்தை விற்பதைத் தவிர வேறு வழி இருக்காது.

ஐந்தாறு நாள் விடாமல் அடைமழை. மழை விட்ட மறுநாள், நான் கடையில் காய் ரகம் பிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா உள்ளே வந்தாள். மலையிலிருந்து நேராக இறங்கி வந்திருந்தாள். சேலை விளிம்பெல்லாம் சேறு. முந்தானை முடிச்சை அவிழ்த்து என் மேசைமேல் கொட்டினாள். ஈரக் கரி. நடுவே பச்சைச் சோடா பாட்டில் துண்டுகள்.

"கெழக்கெல்லையில புதுசா நட்ட கல்லு மழையில சாஞ்சுருச்சு. அடியில இது கெடக்கு. இது யாரு வேலைன்னு சொல்லு."

சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"போவோம் வா" என்றாள். வழியில் முத்திரைத்தாள் விற்கும் இடத்தில் நின்று ஒரு தாள் வாங்கினாள். எதற்கு என்று கேட்டேன். "வா சொல்றேன்" என்றாள்.

வேப்பமரத்தடியில் அப்போது நல்ல கூட்டம். எல்லா மேசையிலும் ஆள் இருந்தது. அக்கா நேராகப் போய் அவர் மேசைமேல் கரியையும் கண்ணாடியையும் வைத்தாள்.

"அண்ணே, இது ஒங்க சாமானா?"

அவர் கண்ணாடியைத் தொடவில்லை. ஒரு கரித்துண்டை மட்டும் எடுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார்.

"கல்லை யாரு தோண்டுனது?"

"மழை தோண்டுச்சு. நீங்க காலே வைக்காத மண்ணுக்குள்ள ஒங்க கரி எப்படிண்ணே போச்சு?"

பக்கத்து மேசைகளில் பேனாக்கள் நின்றன. அவர் மறுப்பார் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. "குமுளி வழியாப் போனேன்" என்றார்.

"அப்ப சத்தியம்?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"போடிமெட்டு செக்போஸ்டைத்தானப்பு சொன்னேன். அதை இன்னைக்கு வரைக்கும் தாண்டல."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வெட்கம் எதுவும் இல்லை. பத்திரத்தில் ஒரு வார்த்தை எங்கே நிற்கிறது என்று காட்டுகிறவரின் முகம்தான் இருந்தது.

"கம்பத்தாள முன்னால நிறுத்தி ஒங்க பேருக்கு மாத்திக்கிட்டீகளாக்கும். எதுக்கு வாங்குனீங்க?" என்றாள் அக்கா.

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "நாலெல்லைக்கும் நடு எதுன்னு கூட்டிக் கழிச்சுப் பாத்தேன் தாயி. அந்த மேடுதான் வருது. தண்ணி இருக்கு, ரோடு இருக்கு. தலைநகருன்னா அங்கதான். சட்டசபை அந்த மேட்டுல. ஒன் தோட்டத்துல ஆபீசுக."

பக்கத்து மேசையில் ஒருவர் சிரித்துவிட்டார். அக்கா சிரிக்கவில்லை.

"அதுக்குத்தான் என்னைய விக்கச் சொல்லிட்டு, விக்கலன்னதும் பாதைய அடைக்கிறீகளா?"

"எடமெல்லாம் ஆளுக்கொரு துண்டாச் செதறிக் கெடந்தா எவன் மாநிலம் குடுப்பான்? ஒரு கையில இருந்தாத்தான் கேக்க முடியும்."

"அது ரோட்டோர எடம்ணே. நாளைக்கு நல்ல வெலைக்கு ஒருத்தன் வந்தா, சட்டசபைய வித்துருவீங்கல்ல?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த மௌனத்தைத்தான் நான் பல வருஷமாகத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்திருக்கிறேன். குட்டு உடைந்த தரகரின் மௌனமா, கேவலப்படுத்தப்பட்ட ஒரு மனிதரின் மௌனமா என்று என்னால் பிரிக்க முடிந்ததில்லை.

அக்கா காத்திருக்கவில்லை. "நான் விக்கல. நீங்க சட்டசபை கட்டுங்க, கோட்டை கட்டுங்க. நடுவுல என் பாதை போகும். ஜீப்பு போற அகலத்துக்கு. எழுதுங்க" என்று முத்திரைத்தாளை நீட்டினாள்.

"இப்பவேவா? யோசிச்சு..."

"கல்லு நட்டப்ப பக்கத்துக்காரிய என்னையக் கூப்பிட்டீகளா?"

அவர் நிமிர்ந்தார்.

"பக்கத்துக்காரன் நிக்காம நட்ட கல்லு கல்லே கெடையாது, அதை எவனும் புடுங்கலாம்னு ஊரெல்லாம் சொல்றது நீங்கதான. நாளைக்குக் காலையில ஆளுகளோட போறேன். ஒண்ணு விடாமப் புடுங்கிப் பள்ளத்துல உருட்டுறேன். கரியையும் அள்ளிருவேன். அப்பறம் ஒங்க எல்லை எதுன்னு நீங்க எதை வச்சுச் சொல்வீங்க?"

அவரை அவ்வளவு பேர் கேலி செய்து பார்த்திருக்கிறேன். டெல்லி கைவிட்டபோதும் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் முகத்தில் பயத்தைக் கண்டேன்.

"கல்லைத் தொடாத தாயி," என்றார். "உக்காரு. எழுதுறேன்."

எழுதினார். அழகான கையெழுத்து. பாதை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, என்ன அகலம், காய் லோடும் ஆட்களும் தடையின்றிப் போய்வர அவரும் அவர் வாரிசுகளும் சம்மதிப்பது எல்லாம் வரிசையாக வந்தது. இதை மலைமேல் கேரளத்துப் பதிவு அலுவலகத்தில் கொண்டுபோய்ப் பதிந்தால்தான் செல்லும் என்றும் அவரே சொன்னார்.

"அப்ப நீங்களும் வரணும்."

"வர்றேன்."

"போடிமெட்டு வழியா. குமுளி சுத்துறதுக்கெல்லாம் எனக்கு நேரம் இல்ல."

தலையை ஆட்டினார். கீழே கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தபோது அக்கா தாளின்மேல் கையை வைத்தாள்.

"இன்னொண்ணு சேக்கணும்ணே. இந்த மண்ணு எந்த மாநிலத்துல இருந்தாலும், இனிமே எந்த மாநிலத்துக்குப் போனாலும், பாதை செல்லும்னு."

பேனா நின்றது. "அது எதுக்குத் தாயி?"

"ஒங்க மாநிலம் வந்துருச்சுன்னு வச்சுக்கிருவோம். பழைய மாநிலத்துல எழுதுன பத்திரம் செல்லாதும்பீக."

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாநிலம் வரக்கூடும் என்று எடுத்துக்கொண்டு அவரிடம் பேசிய முதல் ஆள் அவள்தான். அதுவும் அவரை நம்பாததால். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கையெழுத்துக்கு மேலே விட்டிருந்த இடத்தில், மற்ற வரிகளைவிடச் சிறிய எழுத்தில், அவள் சொன்னதை எழுதினார். கையெழுத்தைப் போட்டார்.

பிறகு தாளைத் தூக்கிப் பிடித்து, வாசித்துக் காட்டத் தொண்டையைச் செருமினார். அக்கா அதை அவர் கையிலிருந்து வாங்கி என்னிடம் நீட்டினாள்.

"நீ படிடா," என்றாள்.